பார்வை படாத மூலை

தணிகாசலம் ஒரு படத்தைச் சோதிக்க உட்கார்ந்தால், அதிலுள்ள மனிதர்களை முதலில் பார்ப்பதில்லை; தண்ணீரைப் பார்ப்பார். கோயில் குளத்தின் சிற்றலை, தேரின்மேல் சொரியும் பூ, மணப்பெண்ணின் பட்டில் ஓடும் சரிகை, மழையில் நனையும் மைதானத்துப் புல் ஆகிய இவையே படத்தைச் சுருக்கும்போது முதலில் கெடுவன என்பதை முப்பதாண்டு அனுபவத்தில் அவர் கண்டிருந்தார். முகம் கெட்டால் தெருவில் போகிறவனும் சொல்லிவிடுவான். தண்ணீர் கெட்டால் சொல்வதற்கு ஒரு தணிகாசலம் வேண்டும். தென்னொளித் தொலைக்காட்சியில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அவரும் அதை ஒருநாளும் மறுத்தவரல்லர்.

அவர் அங்கே தலைமைப் படத்தொகுப்பாளர். கேமரா பிடித்துவரும் உயர்தெளிவுப் படத்தை அப்படியே எடுத்து வெட்டி ஒட்ட இயலாது. கேமரா தன் வசதிக்காக அதனை இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் அதனை அவிழ்ப்பதற்குள் கணினிக்கு மூச்சு வாங்கும். ஆகவே தொகுப்பதற்கு முன் வேறொரு முறையில் அதனை மாற்றி வைத்துக்கொள்வது வழக்கம். அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். தென்னொளியில் இருந்த பழைய கோடெக், நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம்களையும் இருபத்தைந்து முழுப் படங்களாகவே வைத்திருந்தது. நம்பத்தக்கது, ஆனால் இடத்தை விழுங்குவதில் கும்பகர்ணன்.

"தணிகாசலம் சார், போன வருஷம் வாங்கின ஸ்டோரேஜ் ரொம்பிடுச்சு. இனிமே ரேக் வைக்கணும்னா என் ரூமைத்தான் காலி பண்ணணும்" என்றார் நிர்வாக இயக்குநர் கிரிதரன்.

"பண்ணிடுங்க சார். உங்க ரூம்லதான் ஏசி நல்லா இருக்கு" என்றார் தணிகாசலம்.

கிரிதரன் சிரித்தார். ஆனால் மறுவாரமே 'நோக்கு' என்னும் புதிய கோடெக்கை விற்கும் நிறுவனத்திலிருந்து ஷர்மிளா என்ற பொறியாளர் வந்து நின்றாள். தொகுப்பறைத் திரையின் கீழ்விளிம்பில், பொத்தான் அளவில் ஒரு கருவியை ஒட்டினாள்.

"மனுஷக் கண்ணு ஒரு நேரத்துல திரையில கட்டைவிரல் அளவு இடத்தைத்தான் தெளிவாப் பார்க்கும் சார். மிச்சத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்குது. பார்க்காத இடத்துக்கு எதுக்கு டேட்டா செலவு பண்ணணும்? இந்தப் பொத்தான் உங்க கண்ணைக் கவனிக்கும். நீங்க எங்க பார்க்கிறீங்களோ அங்க நோக்கு முழுசா எழுதும். மத்த இடத்துல முந்தின ஃபிரேமையே கொஞ்ச நேரம் நீட்டி வைக்கும்."

"நான் ஒருத்தன் பார்க்கிறேன். வீட்டுல லட்சம் பேரு லட்சம் இடத்தைப் பார்ப்பாங்களேம்மா?"

"மாட்டாங்க சார். நாங்க நாப்பதாயிரம் வீட்டுல அளந்து பார்த்துட்டோம். நல்ல எடிட்டர் எங்க பார்க்கிறாரோ, ஜனங்களும் அங்கதான் பார்க்கிறாங்க. அவரு பார்க்க வைக்கிறாரு, அவங்க பார்க்கிறாங்க. சுருக்கமா சொன்னா, நீங்க எல்லாருக்கும் சேர்த்துப் பார்க்கிறீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் தணிகாசலத்திற்குப் பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததைப் பிற்காலத்தில் அவர் பலமுறை நினைத்து நொந்ததுண்டு.

இருப்பினும் அவர் சோதிக்காமல் ஒப்பவில்லை. புதிதாக எந்தக் கோடெக் வந்தாலும் அதனை ஓட்டிப் பார்ப்பதற்கென்று நான்கு நிமிடச் சோதனைப் படம் ஒன்றை அவர் தம் கையாலேயே தொகுத்து வைத்திருந்தார். குளம், பூமாரி, சரிகை, புல், காவடியின் மயிற்பீலி எல்லாம் அதில் உண்டு. செய்தியிலிருந்து எடுத்த துண்டுகளில் மட்டும் வலப்பக்கக் கீழ்மூலையில் சைகை மொழிபெயர்ப்பாளரின் சிறு கட்டம் குறுக்கே வந்தது. படத்தை மறைக்கிறதென்று அதனைக் கத்தரித்துவிட்டிருந்தார்.

நோக்கு அந்த நான்கு நிமிடத்தையும் அப்பழுக்கின்றித் தந்தது. தண்ணீரை உற்று நோக்கினார், தண்ணீர் தெளிந்திருந்தது. சரிகையை உற்று நோக்கினார், சரிகை மின்னியது. உற்று நோக்கியதனால்தான் அவை தெளிந்தன என்பது அன்று அவருக்கு உறைக்கவில்லை. இடமோ பத்தில் ஒரு பங்குதான் ஆயிற்று. அவர் கையெழுத்திட்டார்.

அந்த மூலைக் கட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக நின்றவள் ஜெசிந்தா. ராயபுரத்துக்காரி. தாய், தந்தை இருவருக்கும் பிறவியிலேயே காது கேளாது; ஆதலால் அவளுக்கு வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே கைப்பேச்சு வந்துவிட்டது. கறுப்புச் சட்டை அணிந்து, செய்தி வாசிப்பவரின் சொல்லைக் காதில் வாங்கி, கையில் விடுவாள்.

நோக்கு வந்து நான்கு மாதம் ஆனபோது, ஒரு நண்பகலில் அவள் தொகுப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், ஒரு நிமிசம். எங்க ஆளுங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க. என் கை சில நேரம் கட்டிப்போட்ட மாதிரி தெரியுதாம். வெரலெல்லாம் ஒட்டிக்கிதாம். 'இன்னாடி, ஸ்டூடியோவுல சோறு போட்டுக் கை கழுவ வுடலையா'ன்னு கேக்குறாங்க."

தணிகாசலம் சிரித்துவிட்டு, அப்போது தொகுத்துக்கொண்டிருந்த செய்தியை அவளுடன் சேர்ந்தே பார்த்தார். கட்டத்தில் ஜெசிந்தாவின் பத்து விரல்களும் தனித்தனியே துலங்கின. நகச்சாயம்கூடத் தெரிந்தது.

"நல்லாத்தானேம்மா இருக்கு? அவங்க வீட்டு டிவி பழசா இருக்கும்."

ஜெசிந்தா திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதான் எனக்கும் புரியல சார். வூட்டுல வலி உயிர் போவும், டாக்டரு எதிர்ல போய் குந்துனா வலி காணாமப் பூடும் பாருங்க, அந்தக் கதையா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனை தெளிவாக ஒருத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தணிகாசலம் தேநீரைக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. அன்று காலை பத்து மணிக்கு வானிலை எச்சரிக்கை ஒன்று ஏழு நிமிடத்திற்குப் பதிவாயிற்று. கரையோர மக்களுக்கானது. மின்சாரம் நிற்கும்வரை அரைமணிக்கொருமுறை அதனையே திரும்பத் திரும்ப ஒளிபரப்ப வேண்டும். தணிகாசலமே அமர்ந்து தொகுத்தார். திரையில் வரைபடம் சுழன்றது; மூலைக் கட்டத்தில் ஜெசிந்தா நின்றாள். மஞ்சள், சிவப்பு வளையங்கள் நகர்ந்தன. அவற்றின் விளிம்பு கலங்காமல் இருக்கிறதா என்று அவர் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவின் பதிவு அட்டைகளுக்குத் தென்னொளியில் ஒரு நடைமுறை உண்டு. படம் கணினிக்கு மாறியதும் அட்டையின்மேல் வெள்ளைக் காகித நாடாவை ஒட்டி, தொகுப்பாளர் தம் முதலெழுத்தை இடுவார். எழுத்திட்ட அட்டையை அழித்து மறுபடியும் பயன்படுத்தலாம். அன்று பத்துச் செய்தியாளர்கள் அட்டைக்காக வாசலில் நின்றார்கள். தணிகாசலம் நாடாவை ஒட்டி 'த' என்று எழுதி நீட்டினார். பத்தே முக்காலுக்கு அந்த அட்டை மழையில் நனையும் ஒரு பாலத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

புயலின் நடுப்பகுதி கரையைக் கடக்கும்போது காற்று அரைமணி நேரம் அடியோடு நின்றுவிடும். வெளியே வந்தவர்களை மறுதிசையிலிருந்து திரும்பும் காற்று கொன்றுவிடும். கரையோரத்தில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி அது. ஆயினும் சங்குமுனைக் குப்பத்தில் சூசைமாணிக்கம் என்பவர், காற்று நின்ற அந்த அரைமணியில் கதவைத் திறந்துகொண்டு, கொட்டகையில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்கப் போனார். அவருக்கும் அவர் மனைவி பிலோமினாளுக்கும் காது கேளாது. திரும்பி வந்த காற்றில் பனைமரம் ஒன்று கொட்டகையின்மேல் சாய்ந்தது.

"டிவியில் அந்த அம்மா சொன்னார்" என்று பிலோமினாள் கையால் சொன்னாள். "காற்று நிற்கும், வெளியே வாருங்கள் என்றார். நான்தான் அவரைப் போகச் சொன்னேன்."

அவருடைய சாவை விசாரிக்க மூவர் கொண்ட குழு அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வசுமதி அதன் தலைவர். ஒளிபரப்பான படத்தை விசாரணை மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். கட்டத்தில் ஜெசிந்தாவின் கை 'காற்று நிற்கும்' என்றது. 'வெளியே வருவது' என்றது. அதன்பின் நான்கு நொடி அசையாமல் நின்றது. பிலோமினாள் பொய் சொல்லவில்லை.

"மேடம், நான் அதுக்கப்புறம் 'கூடாது'ன்னு கையை ரெண்டு தபா வீசினேன். தலையையும் ஆட்டினேன். எங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொன்னேன் மேடம்" என்றாள் ஜெசிந்தா. மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் அவளுக்கிருந்த பதிவை நீக்கிவிட்டால் தொலைக்காட்சி மட்டுமன்று. நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம் எங்கும் அவள் மொழிபெயர்க்க இயலாது. அவளுக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றே. அதைவிட, எதிரே பிலோமினாள் அமர்ந்து, ஜெசிந்தா தாய்மடியில் கற்ற அதே மொழியில் அவள்மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனைப் பிறருக்கு மொழிபெயர்க்க வேறொருவரை அமர்த்தியிருந்தார்கள். ஜெசிந்தாவுக்கோ மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அசல் பதிவு இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டார்.

தணிகாசலம் எழுந்து நின்றார். "அழிஞ்சிடுச்சும்மா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

கோடெக்கின்மேல் அவருக்கு ஐயம் பிறந்திருந்தது. செய்து காட்டிவிடலாம் என்றார். மறுநாள் தொகுப்பறைத் திரையை, பொத்தானும் தானுமாக, மண்டபத்திற்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஜெசிந்தா அதே எச்சரிக்கையை மீண்டும் கையால் சொல்ல, கேமராவில் பிடித்து, வரைபடத்தின் மூலையில் கட்டமாகப் பொருத்தி, நோக்கின் வழியாக மாற்றினார். நீதிபதி, குழுவினர், கிரிதரன், ஜெசிந்தா என அனைவரும் அவர் தோளின் பின்னே நின்று பார்த்தார்கள்.

'காற்று நிற்கும். வெளியே வருவது…' கை விரிந்தது. இருமுறை வீசியது. 'கூடாது.' தலை அசைந்தது. ஒரு விரல்கூட ஒட்டவில்லை.

 கிரிதரன் நிம்மதியாக மூச்சை விட்டார்.

அப்போதுதான் தணிகாசலத்திற்கு விளங்கியது. டாக்டருக்கு எதிரே போய்விட்ட வலி!

"அம்மா, நாம எல்லாரும் மூலையையே பார்த்தோம். என் கண்ணு அங்க இருந்ததால அது தெளிவா எழுதிடுச்சு. அன்னைக்கு நான் பார்க்கலை. வரைபடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அன்று தாங்கள் எங்கே பார்த்தீர்கள் என்பதற்குப் பதிவு ஏதேனும் உண்டா?"

"இல்லைங்கம்மா. படம் முடிஞ்சதும் அந்தக் கணக்கை நோக்கே அழிச்சிடும்."

"சரி. இப்போது பார்க்காமல் செய்து காட்டுங்கள்."

அவர் மீண்டும் அமர்ந்தார். வரைபடத்தின் சிவப்பு வளையத்தில் கண்ணை நட்டார். முப்பதாண்டுகளாகக் கட்டளைக்குப் பணிந்த கண்கள் அன்று பணிய மறுத்தன. 'வெளியே வருவது' என்று கை எழுந்த கணத்தில், கயிறு கட்டி இழுத்தாற்போல மூலைக்கு ஓடின. கை தெளிவாக வீசியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கிரிதரனை உட்கார வைத்தார்கள், ஷர்மிளாவை வரவழைத்தார்கள். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்றால் யாரால் குடிக்க முடியும்? நாளேடுகளில் செய்தி வந்த பின்பு அந்த மூலையைப் பார்க்காத கண் சென்னையிலேயே இல்லாமற் போயிற்று.

நீதிபதி நல்லவர். நெடுநேரம் யோசித்தார். "பார்த்தால் சரியாக இருக்கிறது, பார்க்காவிட்டால்தான் தவறுகிறது என்கிறீர்கள். இங்கே ஏழுமுறை பார்த்தோம். ஏழுமுறையும் சரியாக இருக்கிறது. யாரும் பார்க்காத ஒன்றை நான் எப்படிச் சாட்சியாக ஏற்பது?" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து ஜெசிந்தாவின் பதிவு நீக்கப்பட்டது.

மண்டபத்து வாசலில் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். தணிகாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வுடுங்க சார். பதினோரு வருசமா ஸ்டாம்பு சைசுல நின்னேன். இன்னிக்கித்தான் அத்தினி பேரும் உத்துப் பார்த்தாங்க. என் கெரகம், அதனாலயே மாட்டிக்கினேன்" என்றாள். 

பழைய கோடெக்கிற்கே திரும்ப வேண்டுமென்று தணிகாசலம் கிரிதரனிடம் மன்றாடினார். "குழுவே நோக்கு மேல குத்தம் இல்லைன்னு சொல்லிடுச்சே சார்?" என்றார் கிரிதரன். ஆனாலும் மனம் உறுத்தியிருக்க வேண்டும். 'மூலையைப் பார்க்கவும்' என்று மஞ்சள் காகிதத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு திரையின் மேலும் ஒட்டச் செய்தார். தணிகாசலம் தம் திரையின் காகிதத்தைத் தாமே ஒட்டிக்கொண்டார். ஜெசிந்தாவின் இடத்திற்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். எல்லாரும் அவள் கைகளைப் பார்த்தார்கள். கைகள் தெளிவாக இருந்தன.

ஐந்து மாதங்கள் சென்றன.

சித்திரையில் ஒருநாள் பிற்பகல், அலுவலகத்திற்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். கடையின் தொலைக்காட்சியில் தென்னொளிச் செய்தி ஓடியது. அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி. அன்று காலையில் அவர் தொகுத்ததே. ஆற்று நீர் ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது.

"சார், அந்தம்மாவுக்குக் கையில ஏதாச்சும் அடிபட்டுருக்கா?" என்றார் தேநீர்க் கடைக்காரர்.

"எந்தம்மா?"

"கீழ, மூலையில. வெரலு ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க."

பார்த்தார். மூலைக் கட்டத்தில் புதிய பெண்ணின் விரல்கள் மெழுகுபோல ஒன்றோடொன்று வழிந்து ஒட்டியிருந்தன. கை எழும், நிற்கும், முடிக்க வேண்டியதை முடிக்காமல் தாழும்.

தேநீரை வைத்துவிட்டு அவர் ஓடினார். அவருடைய வயதில் அது ஓட்டம்தான். அந்தப் பெண்ணைப் பிடித்த பதிவு அட்டை இன்னும் அழியவில்லை. காலையில் நாடா தீர்ந்துபோனதால் எழுத்திடாமல் மேசையிலேயே கிடந்தது. அட்டையில் இருந்த படத்தையும், தாம் நோக்கில் தொகுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினார். அட்டையில் அந்தப் பெண் வெள்ளம்போலப் பேசினாள். தொகுத்த படத்தில் அவள் திக்கினாள். ஐந்து மாதங்களுக்குமுன் நீதிபதி கேட்ட சாட்சி, இதோ, கையில் இருந்தது.

நிமிர்ந்தார். திரையின்மேல் மஞ்சள் காகிதம் ஒட்டியபடியே இருந்தது. ஓரம் சற்றே வெளுத்திருந்தது. அதனைக் கடைசியாக எப்போது வாசித்தோம் என்று நினைத்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

அன்று இரவும் மறுநாள் விடியலும் அவர் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நான்கு பக்கம். கோடெக்கைத் தேர்ந்தவன் நான், அட்டையில் எழுத்திட்டவன் நான், பார்க்காதவனும் நானே என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். வேலை போகும் என்பது தெரிந்தே எழுதினார். எழுதி முடித்ததும் ராயபுரத்திற்குப் புறப்பட்டார்.

ஜெசிந்தா இப்போது சந்தைத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க சார். இன்னா, எளைச்சுட்டீங்க?"

"ஜெசிந்தா, சாட்சி கிடைச்சிடுச்சும்மா. உன் மேல தப்பில்லைன்னு இனிமே யாரும் மறுக்க முடியாது. கமிட்டிக்குக் கடிதமும் எழுதிட்டேன். பாரு" என்று கைக்கணினியை நீட்டினார். 

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு படங்களையும் முழுமையாகப் பார்த்தாள். அட்டைப் படத்தைப் பார்க்கையில் அவள் விரல்கள் தாமாகவே மெல்ல அசைந்தன. தொகுத்த படம் வந்ததும் நின்றுவிட்டன. பெருமூச்சோ, மகிழ்ச்சியோ, இத்தனை நாள் கழித்தா என்னும் சினமோ வரும் என்று தணிகாசலம் காத்திருந்தார்.

"நல்லாப் பேசுதே இந்தப் பொண்ணு" என்றாள் ஜெசிந்தா. "மதுரைப் பக்கம் ஸ்கூல்ல படிச்ச கை. எங்க கைக்கும் அதுக்கும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். இது பேரு இன்னா சார்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

ஐந்து மாதங்களாக அந்தப் பெண் வாரத்திற்கு ஆறு நாள் அவர் திரையில் நின்றிருந்தாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டு வணக்கம் சொல்லியிருந்தாள். ஒருமுறை, அவர் பிறந்தநாளுக்கு, தட்டில் கேக்கு வைத்து நீட்டியதும் அவளே.

அவர் கடிதத்தை எடுத்துப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக அவள் பெயரைத் தேடினார். ஒவ்வொரு சொல்லையும் அடித்துத் திருத்திச் செம்மைப்படுத்திய கடிதம். மூன்று இடங்களில் அவளைக் குறிப்பிட்டிருந்தார். மூன்றிலும் 'மூலையில் நிற்கும் பெண்' என்றே இருந்தது.

ஜெசிந்தா எந்திரத்தின் மூடியைத் திறந்தாள்.

"குடுங்க சார். கமிட்டிக்குன்னா நாலு காப்பி கேப்பாங்க. எடுத்துடலாம்."

"இல்லம்மா" என்றார் தணிகாசலம், தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே. "இன்னும் எழுதி முடிக்கலை. பேரைக் கேட்டு எழுதிக்கிட்டு வந்துடறேன்."